போனை வைத்த பிறகும் தீராத களைப்பு: சமூக ஊடகச் சோர்வு, ஓர் எளிய அறிமுகம்

“போனைத் திறந்தாலே எரிச்சலாக இருக்கிறது. திறக்காமல் இருந்தால் ஏதோ நடந்துவிட்டதோ என்று பதற்றமாக இருக்கிறது.” கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களிடம் கொஞ்ச நேரம் மனம்விட்டுப் பேசினால், இதை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டுவிடலாம். சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். தேர்வை ஒழுங்காக எழுதுகிறவர்கள், விடியற்காலையில் அப்பாவுடன் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டுக் கல்லூரிக்கு வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு நடத்துகிறவர்கள். ஆனாலும் உடல் பெரிதாக உழைக்காத நாளில்கூட இரவு பதினொரு மணிக்கு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறார்கள். கையில் போன் மட்டும் இருக்கிறது.

இந்தக் களைப்புக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் சமூக ஊடகச் சோர்வு. சமூக ஊடகங்கள் வழியே வந்து சேரும் செய்திகளும் படங்களும் பேச்சுகளும் எதிர்பார்ப்புகளும் ஒருவர் தாங்கக்கூடிய அளவை மீறும்போது மனத்தில் உண்டாகும் தளர்ச்சி அது. சலிப்பு, எரிச்சல், எதிலும் பட்டுக்கொள்ளாத தன்மை, விலகிப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்தே வரும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது நோயின் பெயர் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இப்படி ஒரு நோய் கிடையாது. வேலைப் பளுவால் வரும் பணிச்சோர்வைக்கூட அந்த நிறுவனம் தொழில் சார்ந்த ஒரு நிலையாகத்தான் சேர்த்திருக்கிறது, நோயாகச் சேர்க்கவில்லை. ஆகவே தன்னிடம் இந்த அறிகுறிகளைப் பார்க்கும் மாணவர், தனக்கு ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டியதில்லை. சுமை கூடியிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதையும் அடிமைத்தனத்தையும் பெரியவர்கள் அடிக்கடி போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அடிமைப்பட்டவருக்கு மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கை இருக்கும். சோர்ந்தவருக்கு வேட்கை வற்றிவிட்டது, கை மட்டும் பழக்கத்தால் போகிறது. செயலியைத் திறக்கிறார், உடனே மூடுகிறார், அரை நிமிடத்தில் அதையே மறுபடி திறக்கிறார். முன்பு படம் போட்டவர் இப்போது எதுவும் போடுவதில்லை, பிறர் போடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார். நெருங்கிய தோழி அனுப்பிய செய்திக்குக்கூடப் பதில் எழுதத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்ட குற்ற உணர்ச்சியில் அவளைத் தவிர்க்கவும் தொடங்குகிறார். இன்ஸ்டாகிராமை நீக்குகிறார், ஒரு வாரத்தில் மறுபடி பதிவிறக்குகிறார். இவையெல்லாம் சோர்வின் அடையாளங்கள்.

இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று சொல்லவில்லை. அமன்தீப் தீர் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தியப் பதின்ம வயதினரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. கட்டுப்பாடின்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம் சோர்வோடும், சோர்வு பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் தொடர்புடையது என்று அது காட்டியது. எதையோ தவறவிட்டுவிடுவோமோ என்ற அச்சம் அந்தப் பழக்கத்தை வளர்த்து, அதன் வழியாகச் சோர்வுக்கு இட்டுச் செல்கிறது என்பதும் அதில் தெரிந்தது. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுபவை, எது எதற்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்பவை அல்ல. ஆனாலும் மேலே சொன்ன அந்த மாணவரின் வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். பதற்றத்தால் திறக்கிறார், திறந்ததால் களைக்கிறார், களைத்ததால் மேலும் பதறுகிறார்.

மனம் ஏன் களைக்கிறது?

உட்கார்ந்த இடத்தில் விரலை மட்டும் அசைத்தால் எப்படிக் களைப்பு வரும் என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1971இலேயே ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு அடிப்படையான விடையைக் கொடுத்துவிட்டார். தகவல், தன்னைப் பெறுகிறவரின் கவனத்தைத் தின்கிறது, ஆகவே தகவல் பெருகும் இடத்தில் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்றார் அவர். அப்போது கைப்பேசியே கிடையாது. பின்னாளில் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கவனம் அளவுக்குட்பட்டது என்பதோடு, அதற்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அது முழுதாக மாறுவதில்லை. முந்தைய வேலையின் மிச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சோபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இதை ஒரு மாணவியின் மாலை நேரத்தில் வைத்துப் பார்க்கலாம். நாகர்கோவில் வடசேரியில் மார்த்தாண்டம் பஸ் ஏறுகிறாள். உட்கார்ந்ததும் போனைத் திறக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் இறந்துவிட்ட செய்தி. அதற்குக் கீழே வகுப்புத் தோழனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. அடுத்து, நாளை சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வகப் பதிவேடு பற்றிய நினைவூட்டல். அதற்கடுத்து ஜெர்மனியில் செவிலியர் வேலையில் சேர்ந்த சீனியர் அக்கா பனியில் நிற்கும் படம். பஸ் பார்வதிபுரம் தாண்டுவதற்குள் அவள் இரங்கியிருக்கிறாள், வாழ்த்தியிருக்கிறாள், பயந்திருக்கிறாள், ஏங்கியிருக்கிறாள். எதையும் முழுதாகச் செய்து முடிக்கவில்லை. ஒவ்வொன்றின் மிச்சமும் அடுத்ததன்மேல் படிந்துகொண்டே போகிறது. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியை மூன்று தடவை படிக்கிறாள். அவளுக்குப் படிப்பில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரிய அநியாயம்.

கருவியின் அமைப்பும் இதில் பங்கெடுக்கிறது. பக்கத்தின் அடி என்று ஒன்று இல்லாமல், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் திரையை ஏசா ராஸ்கின் என்பவர் 2006இல் உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தமும் தெரிவித்தார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா ஏறத்தாழ இலவசமானது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. இன்று கல்லூரியில் இருப்பவர்களில் பெரும்பாலோர், முடிவில்லாத திரை இல்லாத ஒரு விடலைப் பருவத்தை அறியாதவர்கள். மலையாளமும் புழங்கும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கொஞ்சம் அகலமானது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் அவர்களுக்கு ரீல்ஸ் வந்துகொண்டிருக்கிறது.

சுமைகள் பல வகை

சோர்வைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவது சுமைகளைப் பிரித்துப் பார்ப்பதுதான். நாஞ்சில் நாட்டில் குளம் நிரம்பிக் கரை மிரட்டும்போது, எந்த வாய்க்காலில் தண்ணீர் மிகுதியாக வருகிறது என்று பார்த்துத்தான் அடைப்பார்கள். அதுபோல எந்த வழியில் தனக்குச் சுமை சேருகிறது என்று தெரிந்தால்தான் எதையாவது செய்ய முடியும். ஆய்வுகளில் பொதுவாகத் தகவல் சுமை, தொடர்புச் சுமை, செயலிகளின் வசதிகளால் வரும் சுமை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தகவல் சுமையைத்தான் மேலே பார்த்தோம். மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செயலிக்குள் ஸ்டேட்டஸ், சேனல், கம்யூனிட்டி, ரீல்ஸ், ஸ்டோரி என்று புதிது புதிதாக முளைப்பதும், ஒவ்வொன்றையும் பழகிக்கொள்ள வேண்டியிருப்பதும்தான் அது.

இரண்டாவதான தொடர்புச் சுமையில்தான் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் மிகவும் நசுங்குகிறார்கள் என்பது என் எண்ணம். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் வாட்ஸ்ஆப்பைத் திறந்து குழுக்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் இருக்கும் வகுப்புக் குழு, ஆசிரியர்கள் இல்லாத வகுப்புக் குழு, துறைக் குழு, நாட்டு நலப்பணித் திட்டக் குழு, ப்ராஜெக்ட் குழு, ஒரே பஸ்ஸில் வருகிறவர்களின் குழு, பிளஸ் டூ நண்பர்கள், போட்டித் தேர்வுக் குழு. பிறகு ஊர். பங்கு இளைஞர் இயக்கம், அன்பியம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு), அல்லது அம்மன் கோயில் கொடை விழாக் குழு. பிறகு அப்பா வீட்டார் குழு, அம்மா வீட்டார் குழு. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர வாட்ஸ்ஆப் 2022 முதல் இடம் கொடுக்கிறது. ஆசிரியர் “நாளை முதல் வகுப்பு இல்லை” என்று ஒரு வரி போட்டால் போதும், அறுபது பேர் “ஓகே சார்”, “நன்றி சார்” என்று வரிசையாகப் போடுவார்கள். அது மரியாதை. போடாமல் விட்டால் கவனிக்கப்படும் என்ற அச்சமும்கூட. அந்த அறுபதும் அறுபது பேருடைய போனிலும் ஒலிக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு என்று தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. பெருமைதான். அதன் இன்னொரு விளைவையும் பார்க்க வேண்டும். இங்கே பாட்டி, தாத்தா, மாமி, சித்தப்பா எல்லாருமே வாசிப்பார்கள், எழுதுவார்கள், முன்னனுப்புவார்கள். மாமி காலையில் போட்ட வணக்கத்துக்குப் பேத்தி வயதுப் பெண் ஒரு பூவாவது அனுப்பாவிட்டால், அடுத்த கல்யாண வீட்டில் கேள்வி வரும்: “பெரிய ஆளாகிவிட்டாயோ மக்களே? மாமி அனுப்பினால் பார்க்க மாட்டாயோ?” நீல டிக் காட்டிக்கொடுத்துவிடுகிறதே. அன்பில்தான் கேட்கிறார் மாமி. ஆனால் அந்த அன்பும் இருபது வயதுப் பெண்ணின் கணக்கில் செய்து முடிக்க வேண்டிய இன்னொரு வேலையாகச் சேர்ந்துவிடுகிறது. சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

இந்த மூன்றுக்குள் அடங்காத இன்னொரு சுமையும் உண்டு. பார்க்கப்படுவதன் சுமை என்று அதைச் சொல்லலாம். முன்பெல்லாம் வகுப்பறையில் ஒரு விதமாகவும், வீட்டில் ஒரு விதமாகவும், கடற்கரையில் நண்பர்களோடு ஒரு விதமாகவும் இருக்க முடிந்தது. ஒரு ஸ்டேட்டஸில் அத்தனை பேரும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்: துறைத் தலைவர், பங்குத் தந்தை, துபாயில் இருக்கும் அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, நேற்றுச் சண்டை போட்ட தோழன். முட்டம் கடற்கரையில் பாறைமேல் நின்று எடுத்த ஒரு படத்தைப் போடுவதற்குள் இவர்கள் ஒவ்வொருவரும் என்ன நினைப்பார்கள் என்று ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. கூட நிற்பது யார், துப்பட்டா எங்கே, மாலை எத்தனை மணிக்கு எடுத்தது என்று படத்தைத் துருவிப் பார்க்கும் ஊர் இது. அவர்கள் படம் போடுவதையே நிறுத்திவிடுவது வெட்கத்தால் வருவதில்லை. கணக்குப் போட்டுப் போட்டுக் களைத்துவிட்டார்கள்.

ஒப்பீட்டையும் சொல்லாமல் விட முடியாது. மனிதர் தம் நிலையைப் பிறரோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறார் என்று லியோன் பெஸ்டிங்கர் என்னும் உளவியலாளர் 1954இலேயே ஒரு கோட்பாடாக எழுதினார். அது இயல்பு, அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறிவிட்டது. வெளிநாட்டு வேலையை நம்பி நிமிர்ந்த வீடுகள் நிறைந்த மாவட்டத்தில், அக்கம்பக்கத்து வெற்றிகள் எல்லாம் விமான நிலையப் படங்களாக வருகின்றன. செவிலியர் படிப்பு முடிக்கும் பெண்ணுக்கு ஜெர்மன் மொழியில் பி2 தேர்ச்சி, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண், கனடா விசா என்று ஒவ்வொருவரின் நல்ல நாளும் வரிசையாகத் திரையில் வந்து போகிறது. தோற்ற தேர்வும் கட்டிய வட்டியும் யாருடைய ஸ்டேட்டஸிலும் வருவதில்லை. பிறர் நன்றாக இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுவதாகத் தங்களையே திட்டிக்கொள்ளும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொறாமைக்காரர்கள் இல்லை. நாள் முழுக்கத் தங்களை அளந்து பார்க்கச் சொல்லும் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

‘அணைத்து வை’ என்ற அறிவுரை ஏன் எடுபடுவதில்லை?

இத்தனையும் கேட்டவுடன் பெரியவர்களுக்குத் தோன்றும் மருந்து ஒன்றுதான்: போனைத் தூக்கிப் போடு. இந்த அறிவுரையைக் கொடுப்பவர்களே அடுத்த அரை மணி நேரத்தில் “குழுவில் போட்டேனே, பார்க்கவில்லையா?” என்று கேட்கிறார்கள். தேர்வு அட்டவணை, கட்டண நினைவூட்டல், பாடக் குறிப்பு, வருகைக் குறைவுப் பட்டியல் எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான் வருகின்றன. போனை விடும் மாணவர் கல்லூரியின் அறிவிப்புப் பலகையையே விடுகிறார்.

வீட்டுக் காரணம் இன்னும் கனமானது. வளைகுடாவில் இருக்கும் அப்பா வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, அறையில் உட்காரும்போது சவூதியில் எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. அந்த ஓர் அழைப்புக்காக வீடு விழித்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் நெடுங்காலமாக வாட்ஸ்ஆப் அழைப்புக்கு அனுமதி இல்லாததால், அங்கே அப்பா இருந்தால் போட்டிம் போன்ற வேறு அழைப்புச் செயலியும் கூடவே போனில் இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் மகன் ரீல்ஸ் பார்க்கிறான். இதை வெறும் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

கடற்கரை ஊர்களில் வேறொரு நினைவும் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சொல் வராதா என்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களில் மக்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் காத்திருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. இன்று கல்லூரியில் படிப்பவர்கள் அப்போது பள்ளிப் பிள்ளைகள். வீட்டில் ஒருவர் கடலில் இருக்கும்போது “அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டு நிம்மதியாக இரு” என்று அந்தப் பிள்ளையிடம் சொல்பவருக்கு அந்தக் கரை தெரியாது.

முழு விலகலும் நாம் நினைக்கும் அளவுக்குப் பலன் தருவதில்லை. தவக்காலத்தில் இன்ஸ்டாகிராமை விடுகிறவர்களும், சபரிமலைக்கு மாலை போட்ட நாள்களில் விலகி இருக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. அந்த நாள்களில் மனம் லேசாக இருப்பதாகவே அவர்கள் சொல்கிறார்கள். அது நல்ல பழக்கம், தொடரட்டும். ஆனால் திரும்பி வரும்போது அதே குழுக்கள், அதே எதிர்பார்ப்புகள், அதே பார்வையாளர்கள் காத்திருப்பதால் களைப்பும் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. வாய்க்கால் மாறவில்லையே.

மாணவர் தாமே செய்யக்கூடியவை

அளவைக் குறைப்பது வேலை செய்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவுகள் 2018இல் வெளியாயின. ஒரு பிரிவினர் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் பார்த்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. எனக்கு இதில் பிடித்தது இன்னொரு முடிவு. குறைக்காத பிரிவினரிடமும் பதற்றமும் தவறவிடும் அச்சமும் ஓரளவு தணிந்திருந்தன. தங்கள் பயன்பாட்டைத் தாங்களே கவனிக்கத் தொடங்கியது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆகவே முதல் படி எளிது. போனின் அமைப்புகளில் திரை நேரக் கணக்கு இருக்கிறது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் அதை மட்டும் பாருங்கள். எந்தச் செயலி நேரத்தைத் தின்கிறது என்பதைவிட, எதைப் பார்த்து முடித்ததும் மனம் கனக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று மணி நேரம் சமையல் காணொளி பார்த்தவருக்கு ஒன்றும் ஆகாமல், பத்து நிமிடம் வகுப்புக் குழுவில் இருந்தவர் சோர்ந்து போகலாம்.

குழுக்கள்தான் சுமை என்றால் வாட்ஸ்ஆப்பிலேயே சில வழிகள் இருக்கின்றன. பலருக்கு அவை தெரியாது. ஒரு குழுவை ஆர்க்கைவ் செய்தால் புதிய செய்தி வந்தாலும் அது மேலே ஏறி வராது, வேண்டும்போது நாமே போய்ப் பார்க்கலாம். யார் நம்மைக் குழுவில் சேர்க்கலாம் என்பதைத் தனியுரிமை அமைப்பில் தொடர்புகளோடு மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். குழுவிலிருந்து வெளியேறினால் முன்புபோல் எல்லாருக்கும் அறிவிப்பு போகாது, 2022 முதல் நிர்வாகிகளுக்கு மட்டுமே அறிவிப்பு போகிறது. நீல டிக்கை நிறுத்தலாம். ஆனால் அது தனிச் செய்திகளுக்குத்தான், குழுவில் யார் பார்த்தார்கள் என்பது தெரியத்தான் செய்யும். ஸ்டேட்டஸைக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் காட்டும் வசதியும் இருக்கிறது. பார்க்கப்படும் சுமைக்கு இதைவிடக் கைகொடுப்பது வேறில்லை. மாமியை ஒளித்துவைப்பதாக இதை நினைத்து வருந்த வேண்டாம். கல்யாண வீட்டில் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம் நூறு பூக்களைவிட அவருக்குப் பிடிக்கும்.

இரவு அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையைப் போட்டு, அதில் அப்பா, அம்மா, கடலில் இருக்கும் அண்ணன் ஆகியோரின் எண்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். அந்த எண்களிலிருந்து அழைப்பு வந்தால் ஒலிக்கும், மற்றவை அமைதியாக இருக்கும். வேறு செயலி வழியாக அழைப்பு வரும் வீடுகளில் அந்தச் செயலிக்கும் விலக்குக் கொடுக்க மறக்கக் கூடாது. காத்திருக்கும்போது கையில் போனைப் பிடித்திருக்க வேண்டிய கட்டாயம் இதனால் போகிறது.

ஓர் எச்சரிக்கை. தூக்கம் வாரக்கணக்கில் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, போனைவிட்டு விலகிய பிறகும் எதிலும் மகிழ்ச்சி இல்லை, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் அதைச் சமூக ஊடகச் சோர்வு என்று பெயரிட்டுக் கடந்துவிடக் கூடாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குபவர்கள் முதலில் அந்த எண்ணுக்குப் பேசட்டும்.

சுமையை ஏற்றுகிறவர்கள் இறக்க வேண்டியது

மாணவர் எவ்வளவு செய்தாலும் ஒரு பகுதிச் சுமை அவர் கையில் இல்லை. அதை ஏற்றுகிறவர்கள் நாங்கள், ஆசிரியர்களும் பெற்றோரும். சோர்வைப் பற்றிய பேச்சு முழுவதும் மாணவரின் மனக்கட்டுப்பாட்டைப் பற்றியதாகவே முடிந்துபோவது எனக்குச் சம்மதமில்லை.

வீட்டில் கேட்க வேண்டியது சிறியது. பதில் வராத செய்தியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது. மகளுடைய ஸ்டேட்டஸுக்கு அடியில் உறவினர் சொன்ன கருத்தை அவளிடம் கொண்டுவந்து விசாரிக்காமல் இருப்பது. வெளிநாட்டில் இருப்பவர் வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு அழைப்பார் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது.

கல்லூரி செய்யக்கூடியது அதிகம். அதிகாரபூர்வ அறிவிப்புகளுக்கு ஒரு வகுப்புக்கு ஒரே குழு போதும். நிர்வாகிகள் மட்டும் செய்தி போடும்படி அதை அமைத்துவிட்டால் அறுபது “ஓகே சார்”களும் மறைந்துவிடும். மாலை ஆறு மணிக்குப் பிறகு அவசரம் இல்லாத எதையும் அதில் போடுவதில்லை என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் முடிவெடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் விடுமுறை உண்டா இல்லையா என்று இரவெல்லாம் வதந்திகள் பறக்கும் நாள்களில், மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வந்த பிறகு அந்த ஒரு குழுவில் ஒரு வரி வரும், அதுவரை யாரும் விழித்திருக்க வேண்டாம் என்று உறுதி கொடுக்கலாம். முக்கியமான தேதிகளைப் பழையபடி துறை வாசலில் இருக்கும் பலகையிலும் ஒட்டலாம். பகல் முழுவதும் போனைப் பையிலேயே வைத்திருக்க விரும்பும் மாணவருக்கு அப்போதுதான் எதையும் தவறவிடவில்லை என்ற தைரியம் வரும். ஒரு துறையின் ஆசிரியர்கள் ஒரு மதியம் உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடும் வேலைதான் இது. அடுத்த பருவம் தொடங்கும் வாரத்திலேயே செய்துவிடலாம்.